அரைக்கால் மாமாவும் எட்டு டன் கம்பியும்

என் அக்காவின் கணவர் எதையும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை, உடம்பு லேசாகக் கதகதவென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். அக்கா அவரை வாசலிலேயே மடக்கி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டைபாய்டு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டர் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார். கல்யாணமான புதிதில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்ல" என்றாராம். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். போகப் போகத்தான் தெரிந்தது, அவர் அகராதியில் பரவாயில்லை என்றால் தட்டையும் சேர்த்துத் தின்றுவிடலாம் போல இருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து அவர் என்ன சொன்னாலும் அக்கா மனசுக்குள் பெருக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

நேரில் நான் அவரை மாமா என்பேன். முதுகுக்குப் பின்னால் அரைக்கால் என்பேன். வீட்டில் எந்நேரமும் அரைக்கால் சட்டையோடு திரிவதால்தான் அந்தப் பெயர் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் அது இல்லை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. அது அவருடைய தொழில் ரகசியம், எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது.

அவர் ராணுவ ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் தாக்க மதிப்பீட்டாளர். மேலேயிருந்து ஒரு பொருள் விழுந்தால் கீழே எவ்வளவு சேதம் என்று, எதுவும் விழுவதற்கு முன்பே, மேசையில் உட்கார்ந்தபடி சொல்லும் வேலை. நான் ஜன்னல் கண்ணாடி வியாபாரி. அந்த ஆபீசுக்குக் கண்ணாடி போட்டதே என் கடைதான் என்பதால் அவருடைய அறையை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது மாடி, சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல், காகிதம் பறக்காதபடி எப்போதும் குறைந்த வேகத்தில் சுற்றும் மின்விசிறி, ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கிய கோப்புகள். உலகத்தையே சுக்குநூறாக்கும் கணக்குகள் அந்த அறையில்தான் நடந்தன. பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் இங்கே கேட்கும்.

அவர்கள் ஆபீசின் செல்லப்பிள்ளை ஒரு கம்பி. விளக்குக் கம்பத்தின் நீளம், எட்டு டன் எடை, டங்ஸ்டன் என்கிற கனத்த உலோகம். அதை ராக்கெட்டில் ஏற்றிப் பூமியைச் சுற்ற விட வேண்டியது. வேண்டாதவன் யாராவது தலையெடுத்தால் அவன் தலையில் போட வேண்டியது. உள்ளே வெடிமருந்து ஒரு சிட்டிகை கிடையாது, விழுகிற வேகம்தான் வெடி. பழைய இயக்குநர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இது அணுகுண்டுக்கு அண்ணன் என்று சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். மாமா உட்கார்ந்து கணக்குப் போட்டார். மேலே சுற்றும்போது இருக்கிற வேகத்தில் பெரும்பகுதியை வழியில் காற்று தின்றுவிடும். தரையைத் தொடும்போது நொடிக்கு மூன்று கிலோமீட்டர் மிஞ்சும். அந்த வேகத்தில் ஒரு கிலோ இரும்போ கல்லோ கம்பியோ, எது மோதினாலும், ஏறக்குறைய ஒரு கிலோ வெடிமருந்தின் வேலையைத்தான் செய்யும். ஆக, எட்டு டன் கம்பி எட்டு டன் வெடிமருந்துக்குச் சமம்.

"அப்ப எட்டு டன் வெடிமருந்தை லாரியிலயே அனுப்பிடலாமே மாமா?" என்று கேட்டேன்.

"லாரி வானத்திலேர்ந்து வராதே" என்றார். ஆபீசில் அதுவரை சொல்லப்பட்டதிலேயே வலுவான காரணம் அதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இனி அரைக்கால் விவகாரம். மாமா போடும் எண் இயக்குநரிடம் போவதற்கு முன் மூன்று மேசைகளைத் தாண்டவேண்டும். உதவி, துணை, இணை என்று மூன்று அதிகாரிகள். மூவருக்கும் ஒரே பயம். குண்டோ கம்பியோ விழுந்து, எழுதியதைவிடப் பெரிய பள்ளம் விழுந்தால் கையெழுத்துப் போட்டவன் கழுத்துக்குக் கத்தி வரும். எழுதியதைவிடச் சின்னதாக விழுந்தால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. எனவே உதவி தன் பங்குக்கு இரட்டிப்பார். துணைக்கு உதவி இரட்டித்தது தெரியாது, அவரும் இரட்டிப்பார். இணையும் அப்படியே. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்ததில் ஒரு டன் எட்டு டன்னாகி இயக்குநர் மேசையில் போய் உட்காரும். மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கண்டுபிடித்து வாயடைத்துப் போனார். எதிர்த்துப் பேசுகிற சாதி இல்லை அவர். சத்தமில்லாமல் தன் எண்ணை எட்டால் வகுத்து எழுத ஆரம்பித்தார். வகுத்தது மேலே போகிற வழியில் பெருகி, கடைசியில் சரியான எண்ணாக இயக்குநரிடம் போய்ச் சேர்ந்தது. மூன்று பொய்க்கு ஒரு எதிர்ப்பொய். இப்படியே முப்பது வருடம் அந்த ஆபீஸ் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லாமல் நல்ல பெயர் வாங்கியது. நடுவில் உள்ள காகிதங்கள் அவ்வப்போது கிழித்துப் போடப்பட்டன. கடைசி எண் மட்டும் கோப்பில் நின்றது.

இந்த நேரத்தில் புது இயக்குநர் வந்தார். பெண்மணி, கெட்டிக்காரர், யாரிடமும் இளிக்காதவர். வரவேற்புத் தேநீரில் பேசியபோது, இனிமேல் யாரும் எண்ணில் கைவைக்கக் கூடாது, மதிப்பீட்டாளர் எழுதியது எழுதியபடியே தன்னிடம் வரவேண்டும் என்று அறிவித்தார். மூன்று அதிகாரிகளும் அதைக் கேட்டு நடுங்கி, அன்றோடு இரட்டிப்பதை நிறுத்தினார்கள். நிறுத்தினோம் என்று சொல்லவில்லை, சொன்னால் செய்துகொண்டிருந்தோம் என்று ஆகிவிடுமே. மாமாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். தலையையும் ஆட்டினார். புது இயக்குநர் பேசினால் தலையாட்டுவதுதான் அங்கே வழக்கம், கேட்பது இல்லை. எத்தனையோ இயக்குநர்களின் முதல் பேச்சுக்குத் தலையாட்டிய தலை அது. சமோசா தட்டு தன் பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கம்பியை முதன்முறையாக உண்மையிலேயே போட்டுப் பார்க்க நாள் குறித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல்வெளி. மாமா வழக்கம்போல எட்டை எட்டால் வகுத்து ஒரு டன் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கத்துக்கு மாறாக அது ஒரு டன்னாகவே மேலே போனது.

புது இயக்குநருக்கு இன்னொரு நல்ல எண்ணமும் இருந்தது. இத்தனை வருடம் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்றே தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் ஒருமுறையாவது வந்து பார்க்கட்டும் என்று, பார்வையாளர் மேடை போட்டு எல்லோரையும் அழைத்தார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டால் கணக்குப் போடுகிறேன் என்று மட்டும் சொல்லும் புருஷனோடு காலம் தள்ளியவள். புதுச் செருப்பும் வெயில் கண்ணாடியும் வாங்கினாள். என்னையும் கூட வரச் சொன்னாள். எத்தனை ஜன்னல் உடையும் என்று பார்க்க எனக்கும் ஒரு தொழில் ஆர்வம் இருந்தது.

அழைப்பிதழோடு ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அக்கா அதை விரித்து, "பாருங்க, நமக்கு ரொம்பக் கிட்டத்துல இடம்" என்று காட்டினாள். மாமா பார்த்தார். மேடைக்கும் கம்பி விழும் இடத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

கை கழுவும் இடத்தில் வைத்து எனக்கு மட்டும் விளக்கினார். சக்தி எட்டு மடங்கானால் பாதுகாப்பான தூரம் இரண்டு மடங்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்த பெட்டிக்குள் பழைய பெட்டிகள் எட்டு அடங்குமே, அந்தக் கணக்கு. எட்டு டன்னுக்கு மேடை இரண்டு கிலோமீட்டரில் இருக்கவேண்டும். ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் மேலே போன எண் ஒரு டன். பள்ளத்திலிருந்து கிளம்பும் கல் அவ்வளவு தூரம் வருமா என்று கேட்டேன்.

"கொஞ்சம் வரும்" என்றார்.

அவருடைய கொஞ்சம் எவ்வளவு என்று தெரிந்தவன் நான். அந்த மேடையில் என் அக்கா புதுச் செருப்போடு உட்காரப் போகிறாள். நாளைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றேன், சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்றும் மிரட்டினேன்.

போனார். முதலில் உதவியிடம். நீங்கள் இப்போது இரட்டிப்பதில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். உதவி முகம் வெளிறி, தான் ஆயுளில் எதையும் இரட்டித்ததில்லை, தனக்குப் பிறந்தது கூட இரட்டை இல்லை என்று சொல்லிவிட்டார். துணை, இப்படிப்பட்ட வதந்தியை யார் கிளப்புவது என்று சீறினார். இணை மட்டும் தோளில் கை போட்டு, ஓய்வு நெருங்குகிற வயதில் மனசு இப்படித்தான் குழம்பும், காலையில் கொஞ்ச தூரம் நடந்தால் சரியாகும் என்று ஆறுதல் சொன்னார்.

வேறு வழியில்லாமல் இயக்குநர் அறைக்கே போனார். அந்த அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முப்பது வருடமாக எட்டில் ஒன்றைத்தான் எழுதினேன், சரியான எண் எட்டு டன் என்று ஒப்புக்கொண்டார். இயக்குநர் திட்டவில்லை. மூவரையும் கூப்பிட்டுக் கேட்டார். மூவரும் சூடம் ஏற்றி அணைக்காத குறையாக மறுத்தார்கள். பிறகு அவர் பழைய கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தார். அதுவரை போட்ட குண்டுகளின் ஒவ்வொரு சோதனையிலும் கடைசி எண்ணும் விழுந்த பள்ளமும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"நீங்க எட்டுல ஒண்ணு எழுதி, இவங்க யாரும் கை வைக்கலன்னா, இந்த எண்ணெல்லாம் எப்படி சார் சரியா இருக்கும்?" என்று கேட்டார். "முப்பது வருஷத்துல உங்க கணக்கு ஒரு தடவகூடத் தப்பல. நீங்கதான் உங்களை நம்ப மாட்டேங்கிறீங்க."

மாமா தன் திருட்டுத்தனத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார் என்பதுதான் அவருக்கு எமனாக வந்தது. கெட்டிக்கார அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால் அவர் ஆதாரம் கேட்பார், ஆதாரம் பொய்யின் பக்கம் நின்றது. இயக்குநர் அதோடு விடவில்லை. இப்படிப்பட்ட ஊழியரைக் கௌரவிக்க வேண்டும் என்று, மேடையின் முதல் வரிசையில், தனக்கு இடப்பக்கம் மாமாவும் அக்காவும் உட்கார வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார்.

மாமா எழுந்திருக்கவில்லை. எழுந்து, நன்றி சொல்லி, தலையாட்டிவிட்டு வெளியே வருவதுதான் அவர் பழக்கம். அன்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாராம்.

"நான் உட்கார மாட்டேன் மேடம்" என்றார். "என் பொண்டாட்டியையும் உட்கார விடமாட்டேன். சோதனை முடிஞ்சதும் என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க. அங்க உட்கார்றவங்க செத்துடுவாங்க."

அவர் வாயிலிருந்து செத்துடுவாங்க என்று ஒரு முழுச் சொல் வந்ததை நினைத்து எனக்கு இப்போதும் பெருமைதான்.

இயக்குநர் மூன்று அதிகாரிகளின் பக்கம் திரும்பி, அப்படியானால் காலியாகும் இடங்களில் நீங்கள் மூவரும் குடும்பத்தோடு உட்காருங்கள், எண்ணில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே என்றார். உதவிக்கு அன்றைக்கென்று பல் பிடுங்க நேரம் வாங்கியிருந்தது ஞாபகம் வந்தது. துணைக்கு வெயில் ஆகாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இணை, ஆபீசைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விட்டால் தொலைபேசி வந்தால் யார் எடுப்பது என்று பொறுப்போடு கவலைப்பட்டார்.

நான் முன்னே சொன்னதுபோல் அந்த அம்மாள் கெட்டிக்காரர். கோப்பு காட்டாததை அந்த மூன்று முகங்கள் காட்டிவிட்டன. மேலே ஒன்றும் கேட்காமல் மேடையை இரண்டு கிலோமீட்டருக்குத் தள்ளிப் போடச் சொன்னார். ஆணையில் மட்டும், பார்வை வசதிக்காக இடம் மாற்றப்படுகிறது என்று எழுதினார்கள். கிட்டப் போனால் நன்றாகத் தெரியாது, தள்ளி நின்றால்தான் தெரியும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது அப்போதுதான். மேடை தள்ளிப் போனதும் உதவியின் பல்வலி தீர்ந்தது, துணைக்கு வெயில் ஒத்துக்கொண்டது, தொலைபேசி தானாக அடித்து ஓய்ந்துகொள்ளட்டும் என்று இணையும் வந்துவிட்டார்.

சோதனை அன்று நன்றாக வெளுத்த பகல். அக்கா வெயில் கண்ணாடியோடு மாமாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் யாரோ எண்களைத் தலைகீழாக எண்ணினார்கள். வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோனது. தூரத்தில் மண் எழும்பி நின்றது. சத்தமே இல்லையே என்று நான் நினைக்கும்போது நாற்காலி அடியிலிருந்து ஒரு உதை விட்டது. பிறகுதான் சத்தம் வந்தது. கதவை அறைந்ததுபோல் ஒன்று, அதன் பின்னால் நீளமான உறுமல். குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் கை தட்டினார்கள்.

புழுதி அடங்கியதும் இயக்குநர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். பந்தல்காரர் பழைய இடத்திலிருந்து முதல் வரிசை நாற்காலிகளை எடுக்காமல் விட்டிருந்தார். இயக்குநர் தொலைநோக்கியை அக்காவிடம் கொடுத்தார். அக்கா பார்த்துவிட்டு என்னிடம் தந்தாள். நாற்காலிகள் நின்ற இடத்தில் பிளாஸ்டிக் சிதறிக் கிடந்தது. நடுநடுவே பானை அளவு கற்கள், அரிசியில் கல் கிடப்பதுபோல் இல்லை, கல்லில் அரிசி கிடப்பதுபோல். நான் ஜன்னல் கண்ணாடியைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

சோதனை மகத்தான வெற்றி என்று அறிவித்தார்கள். உரிய நேரத்தில் மேடையை மாற்ற உதவியதற்காக மூன்று அதிகாரிகளுக்கும் பாராட்டு, முப்பது வருடம் தவறான எண் எழுதியதற்காக மாமாவுக்கு மெமோ. அது வரும் என்று அன்றே தெரிந்ததால் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. நான்தான் ஊரைக் கூட்டிக் கத்தினேன். இன்னும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சோதனை அன்று திரும்பி வரும்போது என் கடை வண்டியில்தான் வந்தோம். நான் ஓட்டினேன், அவர்கள் பக்கத்தில். ஊர் எல்லையில் வீடுகள் வர ஆரம்பித்ததும் அக்கா கேட்டாள்.

"ஏங்க, இது யாரு தலையிலயாவது போடறதுக்குத்தானே?"

மாமா ஆமாம் என்றார்.

"அவங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் தள்ளி மேடை போடுவீங்க?"

மாமா, எத்தனை பேர் என்று எழுதுகிற கட்டம் தங்கள் ஆபீஸ் படிவத்தில் இல்லை, பள்ளத்தின் அகலம், ஆழம், கல் போகும் தூரம் இவ்வளவுதான் உண்டு என்று சொன்னார். ஏன் இல்லை என்றாள். யாரும் கேட்டதில்லை என்றார்.

"இப்ப நான் கேக்கறேன். நம்ம வீட்டு மேல விழுந்தா?"

அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். உதடு அசைந்தது. கணக்குப் போடும்போது அவர் உதடு அசையும். பெட்டிக் கடை, தையல் கடை, இஸ்திரி போடுகிறவரின் வண்டி எல்லாம் பின்னால் போயின. எங்கள் தெருவுக்குள் திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"நம்ம தெருவே இருக்காது" என்றார். "அடுத்த தெருவுல பாதி. பகல் நேரமா இருந்தா பின்னாடி பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக்கணும்."

பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள், வண்டியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்து போனார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, எங்களுக்காக நிற்காமல் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.